வெந்தயத் தண்ணீரில் மேகம்

அப்பாவின் அலமாரியில் மூன்றாவது தட்டு முழுக்க பைண்டு செய்த தொடர்கதைகள். வாரப் பத்திரிகையிலிருந்து பக்கம் பக்கமாகப் பிரித்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டரிடம் கொடுத்து வாங்கியவை. முதுகிலும் மூலைகளிலும் சிவப்புக் காலிகோ துணி. மிச்ச அட்டை முழுக்க, நீலமும் பழுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடுகிற மாதிரி ஒரு தாள். மார்பிள் பேப்பர் என்பார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்க வராத வயதில் அந்தப் புத்தகங்களில் எனக்குக் கிடைத்த கதை அந்த அட்டைதான். ஒன்றில் ஆந்தை இருந்தது. இன்னொன்றில் வெற்றிலை மெல்லும் கிழவர். காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாள் கிழவர் திரும்பிப் பார்த்தார் என்று அழுது ஊரைக் கூட்டியிருக்கிறேன்.

இந்த மே மாதம் தம்பியின் பிள்ளைகள் இரண்டு பேரும் லீவுக்குத் தஞ்சாவூர் வந்திருந்தார்கள். பெரியவளுக்கு ஆறு முடிந்து ஏழு. சின்னவனுக்கு நாலு. மதியம் பன்னிரண்டிலிருந்து நாலு வரை அவர்களை வெயிலில் இறங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த மாதம் முழுக்க என் உத்தியோகம். ஒரு நாள் பெரியவள் அலமாரியைக் குடைந்து இரண்டு புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அத்தே, இந்த ஆந்தை இதுலயும் இருக்கு."

வாங்கிப் பார்த்தேன். அதே மூலையில், அதே கோணத்தில், ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அதே ஆந்தை. நாற்பது வருஷமாக எனக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. அப்படியானால் இது அசல் மார்பிள் தாள் இல்லை. அசலைப் பார்த்து அச்சடித்தது.

"யாரு வரைஞ்சா?"

"யாரும் வரையலடி. தண்ணி மேல கலரை மிதக்க விட்டு, அது மேல பேப்பரைப் போட்டு எடுப்பாங்க. அப்படி எடுத்த ஒண்ணைப் பார்த்து இதை அச்சடிச்சிருக்காங்க."

"தண்ணியில கலர் கரைஞ்சுடுமே."

ஆறு வயதுக்கு நியாயமான கேள்வி. ஐம்பதை நெருங்குகிற எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் மூன்று வாரம் ஓட்டினோம்.

முதலில் நுரை. தம்பி விட்டுப்போன ஷேவிங் ஃபோம் டப்பா ஒன்று குளியலறையில் இருந்தது. எவர்சில்வர் தாம்பாளத்தில் அரை விரல் கனத்துக்கு அதைப் பீய்ச்சி, தோசைத் திருப்பியால் மட்டமாக நிரவினோம். கேசரிக்குப் போடும் கலரை நாலு சொட்டுத் தண்ணீரில் கரைத்து அங்கங்கே சொட்டு. கூடவே பச்சையும் நீலமும். புது விளக்குமாற்றிலிருந்து உருவிய ஈர்க்குச்சியால் மேலாக ஒரு இழுப்பு. இதற்கு ஈர்க்குச்சியை மிஞ்சிய கருவி கிடையாது. பல் குத்தும் குச்சி குட்டை, பெயிண்ட் பிரஷ் தடிமன். கொஞ்சம் கனமான தாளை மேலே வைத்து உள்ளங்கையால் தடவிவிட்டு எடுத்தால், தாள் முழுக்க நுரை அப்பிக்கொண்டு வருகிறது. பார்க்க ஒன்றுமே இல்லை. அரை நிமிஷம் விட்டு, ஸ்கேலின் ஓரத்தால் மேலிருந்து கீழாக ஒரே வழிப்பாக வழித்தேன். நுரை மொத்தமும் ஸ்கேலோடு வந்துவிட்டது. கீழே பச்சையும் ஆரஞ்சும் மயிர் மயிராகச் சுழித்துக்கொண்டு கிடந்தன. பெரியவள் போட்ட கூச்சலில் அம்மா மதியத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்துவிட்டாள்.

சங்கதி எளிது. நுரை என்பது பெரும்பாலும் காற்று. அதைப் பிடித்து வைத்திருப்பது மெல்லிய சோப்புப் படலம். கலர்த் தண்ணீர் அதற்குள் இறங்க வழியில்லாமல் மேலாக உட்கார்ந்திருக்கிறது. தாள் வந்ததும் அதைக் குடித்துவிடுகிறது. ஜெல் வாங்கினால் வராது, குழாயில் வரும் கிரீமும் உதவாது, நுரையாகவே வெளியே வரும் டப்பாதான் வேண்டும். கண்ணில் பட்டால் எரியும் என்பதால் சின்னவனை மடியில் வைத்துக்கொண்டே செய்ய வேண்டியிருந்தது. விரலில் ஏறிய கலர் இரண்டு நாள் போகாது.

சின்னவன் விஷயத்துக்கு வருகிறேன். ஈர்க்குச்சி கைக்கு வந்ததும் அவன் கிண்டினான். முதலில் அழகாக இருந்தது. நான் "போதும்டா" என்றேன். அவன் கிண்டினான். இன்னும் அழகானது. "போதும்டா தங்கம், பேப்பரை வைக்கலாம்." கிண்டினான். பச்சை ஆரஞ்சில் புகுந்து, ஆரஞ்சு நீலத்தில் புகுந்து, தாம்பாளம் முழுக்க ஒரே நிறமானது. அவன் தலை நிமிர்ந்து, வேலை முடிந்த திருப்தியோடு சொன்னான்: "சாம்பார்."

தாளை வைக்கிற எண்ணமே அவனுக்கு இல்லை. அன்றைக்கு மட்டும் இல்லை, ஒரே ஒரு நாளைத் தவிர மூன்று வாரமும் இல்லை.

டப்பா இரண்டே நாளில் தீர்ந்தது. குளியல் சோப்பை மத்தால் கடைந்து நுரை எடுத்தால் என்ன என்று தோன்றியது. எடுத்தோம். நீர்த்த நுரை, ஐந்து நிமிஷம் நின்றால் அதிகம். ஆனால் கலர் தீர்ந்துவிட்டதே என்று மஞ்சள்பொடியைக் குழைத்துச் சொட்டியபோது, மஞ்சள் தொட்ட இடமெல்லாம் சிவக்க ஆரம்பித்தது. "ஆரத்தி!" என்றாள் பெரியவள். அதுவேதான். ஆரத்தியில் சுண்ணாம்பு செய்கிற வேலையை இங்கே சோப்பு செய்கிறது, இரண்டும் காரம். மார்பிள் வரவில்லை என்ற வருத்தம் யாருக்கும் இல்லை. சட்டையில் மஞ்சள் கறையைச் சோப்புப் போட்டுத் துவைக்கும்போது செக்கச்செவேல் என்று ஆகிறதே, அது ஏன் என்று அம்மாவுக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது.

அடுத்தது எண்ணெய். தட்டில் தண்ணீர், மேலே கலரோடு அடித்துக் கலக்கிய நல்லெண்ணெய். கலர் எண்ணெயில் கரைவதில்லை. குட்டிக் குட்டி மணியாக நின்று, ஒவ்வொன்றாக எண்ணெயைத் துளைத்துக் கீழே விழுந்து, தண்ணீர் பட்டதும் வால் முளைத்து இறங்குகிறது. சின்னவன் இதன் முன்னால் முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான். நாங்கள் எடுத்த தாள்களோ வடை வைத்த காகிதம் மாதிரி இருந்தன. மூன்று நாள் ஆகியும் காயவில்லை. நகப்பூச்சைத் தண்ணீரில் ஊற்றிச் செய்கிற முறை ஒன்றும் பரவலாக இருக்கிறது. பளபளவென்று வரும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வாடையும், எளிதில் தீப்பிடிக்கிற அந்தத் திரவமும் நாலு வயதுக் குழந்தை இருக்கிற அறையில் எனக்குச் சம்மதமில்லை.

பிறகு பால். தட்டில் கொஞ்சம் பால், நடுவில் நாலைந்து கலர்ச் சொட்டு, பாத்திரம் கழுவும் லிக்விடில் தோய்த்த பஞ்சுக்குச்சியால் ஒரு தொடல். கலர்கள் விரட்டினாற்போல் ஓரத்துக்கு ஓடின. "பாலைக் கீழ ஊத்தற வீடு உருப்படாது" என்று அம்மா ஒரு பக்கம். "ஏன் ஓடுது?" என்று பெரியவள் ஒரு பக்கம். பள்ளிப் பாடத்தில் பரப்பு இழுவிசை என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் வந்தது. தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி எப்போதும் விறைப்பாக இருக்கிறது. சோப்பு தொட்ட இடத்தில் அந்த இழுப்பு தளர்ந்துவிடும். சுற்றிலும் இருக்கிற இடம் இன்னும் விறைப்பாக இருப்பதால் மேல்பரப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். கலரும் கூடவே போகும்.

இதைப் படிக்கப் போனபோதுதான் ஆக்னஸ் பாக்கெல்ஸைத் தெரிந்துகொண்டேன். 1862இல் பிறந்த ஜெர்மானியப் பெண். பெண்களைப் பல்கலைக்கழகத்தில் சேர்க்காத காலம். தம்பி இயற்பியல் படிக்கப் போனார். இவர் வீட்டில் இருந்து நோயாளிப் பெற்றோரைப் பார்த்துக்கொண்டார். அடுக்களையில் ஒரு தகரத் தொட்டி, அதன் நீர்ப்பரப்பில் நகர்த்த ஒரு தகரப் பட்டை, ஒரு தராசு, ஒரு பொத்தான் இவற்றை வைத்துக்கொண்டு எண்ணெய்ப்பசையும் சோப்பும் தண்ணீரின் மேல்பரப்பை என்ன செய்கின்றன என்று வருஷக்கணக்கில் அளந்தார். 1891இல் இங்கிலாந்தின் இயற்பியல் அறிஞர் ராலே பிரபுவுக்கு அதை ஒரு கடிதமாக எழுதினார். ராலே அதை மொழிபெயர்ப்பாக 'நேச்சர்' அறிவியல் இதழில் வெளியிட வைத்தார். இத்துறையில் பின்னால் வந்தவர்கள் பயன்படுத்திய தொட்டி இந்த அடுக்களைத் தொட்டியின் வாரிசுதான். அம்மாவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணு பாலையா ஊத்துச்சு?" என்றாள்.

தாளுக்கு வருவோம். வெறும் தண்ணீரில் கோடு இழுத்தால் கோடு நிற்காது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் துருக்கிக்காரர்கள் ஒரு செடியின் பிசினை ஊறவைத்துத் தண்ணீரைக் கெட்டியாக்கினார்கள், ஜிகர்தண்டாவில் போடுகிற பாதாம் பிசின் மாதிரி ஊறி உப்புகிற சரக்கு. அவர்கள் இந்தக் கலையை எப்ரு என்கிறார்கள். 2014இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எப்ருவின் மூலம் பாரசீகத்து அப்ரி. அப்ர் என்றால் மேகம். தக்காணத்துக்கும் இது வந்திருக்கிறது. 17ஆம் நூற்றாண்டு பீஜப்பூர்ப் படங்களில் எலும்பும் தோலுமாக ஒரு குதிரை நிற்கும். உடம்பு முழுக்க மார்பிள் சுழிகள். தாளின் ஒரு பகுதியை மறைத்துவிட்டு மிச்சத்தில் மட்டும் நிறம் ஏற்றிச் செய்தது. பட்டினி கிடக்கிற குதிரையின் விலாவில் ஏன் மேகத்தை ஓடவிட்டான் அந்த ஆள் என்று ராத்திரி ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆனால் என்னைப் படுக்கையிலிருந்து எழுப்பி உட்கார வைத்தது வேறொரு வரி. பிசினுக்குப் பதிலாக வெந்தயத்தை ஊறவைத்த தண்ணீரையும் பயன்படுத்தியிருக்கிறார்கள். தாளில் நிறம் பிடிக்க, முன்கூட்டியே படிகாரத் தண்ணீர் பூசிக் காயவைக்க வேண்டும். வெந்தயம் அடுக்களை டப்பாவில். படிகாரம் எங்கள் வாசல் நிலைக்கு மேலே, திருஷ்டிக்கு, கறுப்புக் கயிற்றில். நான் என்னத்தைத் தேடி எங்கெங்கோ அலைந்திருக்கிறேன்!

இரண்டு கைப்பிடி வெந்தயம், ஒன்றரை லிட்டர் தண்ணீர், ராத்திரி முழுக்க ஊறல். காலையில் ஒரு கொதி விட்டு, ஆறவைத்து, அப்பாவின் பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டினோம். கொழகொழவென்று, வடித்த கஞ்சிக்குக் கொஞ்சம் நீர்த்த பதம். படிகாரத்தை நிலையிலிருந்து கழற்ற அம்மா விடவில்லை. நாட்டு மருந்துக் கடையில் புதிதாக வாங்கினோம். ஒரு டம்ளர் வெந்நீருக்கு ஒரு தேக்கரண்டிப் பொடி. பஞ்சால் தாளின் ஒரு பக்கம் மட்டும் தடவிக் காயவைத்து, மறுபக்கத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. கலருக்கு அக்ரிலிக் பெயிண்ட், பால் பதத்துக்குக் கரைத்தது. துருக்கியில் நிறம் பரவ மாட்டுப் பித்தநீர் கலப்பார்களாம். அதை இந்த வீட்டுக்குள் கொண்டு வந்திருந்தால் நான் திண்ணையில்தான் படுத்திருக்க வேண்டும். அதற்குப் பதில், ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திர லிக்விட், அதிலிருந்து கலரில் ஒரு சொட்டு.

முதல் கலர் கல் மாதிரி அடியில் போய் உட்கார்ந்தது. இன்னும் நீர்க்க வைத்தோம். மிதந்தது. மேலே படிந்திருந்த குமிழிகளை ஒரு துண்டு செய்தித்தாளால் வழித்துவிட்டு, பெரியவள் அடுத்த சொட்டை விட்டாள். வட்டமாக விரிந்தது. அதன் நடுவில் வேறு நிறத்தில் ஒரு சொட்டு: முதல் வட்டம் நகர்ந்து இடம் கொடுத்து வளையமாக நின்றது. அதற்குள் இன்னொன்று. கரையவில்லை, கலக்கவில்லை. "கரையலையே அத்தே" என்று ரகசியம் மாதிரி சொன்னாள். ஊசியை வட்டத்தின் மேலிருந்து கீழாக ஒரு தடவை இழுத்தால் அரசிலை வருகிறது, நுனியோடு. துருக்கிப் பாடத்தில் கோடுகளை இப்படியும் அப்படியும் மாற்றி மாற்றி இழுக்கிற ஒரு வடிவத்துக்கு கெல்-கித் என்று பேர். வா-போ என்று அர்த்தம். அதைச் சொன்னதுதான் தாமதம், அந்த வாரம் முழுக்க வீட்டில் எல்லாவற்றுக்கும் வா-போ. சாதம் பிசைவதுகூட வா-போ.

தாளை ஒரு ஓரத்திலிருந்து மெல்லப் படியவைக்க வேண்டும். நடுவில் காற்று மாட்டினால் அந்த இடம் வெள்ளையாகவே நின்றுவிடும். நானே வைத்தேன், நானே எடுத்தேன், பெருமையோடு குழாயடியில் அலசினேன். மூவரும் பார்த்துக்கொண்டிருக்க அரசிலைகள் எல்லாம் வழிந்து, வெள்ளைத் தாள் மட்டும் கையில் நின்றது. பெருக்கல் குறி போட்ட பக்கத்தைக் கீழே வைத்திருக்கிறேன். நீர்மேல் எழுத்து என்று சும்மா சொல்லவில்லை.

இரண்டாவது தாள் நின்றது.

அப்புறம் சண்டை. அக்காவின் தாள் மாதிரியே தனக்கும் ஒன்று வேண்டும் என்று சின்னவன் அன்றைக்கு ஒரு நாள்தான் தாளைக் கேட்டான். அதே கலர், அதே சொட்டு, அதே ஊசி. வேறாகத்தான் வந்தது. இன்னொன்று போட்டேன். அதுவும் வேறு. "அதே மாதிரி வராதுடா, யாராலயும் வராது" என்று சமாதானம் சொல்ல, எனக்குப் பணத்தாள் கதை கை கொடுத்தது. 1775இல் அமெரிக்கக் காலனிகள் இங்கிலாந்தோடு சண்டை போட்டுக்கொண்டு சொந்தப் பணம் அடித்தபோது, 20 டாலர் தாளின் ஓரத்தில் மட்டும் மார்பிள் தாளாக வைத்தார்கள். பெஞ்சமின் பிராங்க்ளின் ஏற்பாடு. கள்ள நோட்டுக்காரன் எழுத்தைக் காப்பியடிக்கலாம், தண்ணீரைக் காப்பியடிக்க முடியாது. சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "அப்ப இது காசா?" அந்த இரண்டு தாளையும் கொண்டுபோய் அவன் அப்பாயியிடம் கொடுத்து ஐஸ் வாங்கித் தரச் சொன்னான். அவள் வாங்கிக்கொடுத்தாள். அந்த விகிதத்தில் பார்த்தால் டாலரைவிட நல்ல மதிப்புதான்.

அம்மா அதுவரை வாசல்படியில் உட்கார்ந்து, கொட்டுகிற வெந்தயத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தவள். "தலைக்குத் தேய்ச்சிருந்தா குளிர்ச்சியாவது." நாலாம் நாள் எழுந்து வந்தாள். உருளியில் தண்ணீர் ரொப்பச் சொன்னாள். அடுப்புக்கரியை இடித்து, சன்னத் துணியில் கட்டி, தண்ணீர் மேல் தட்டித் தட்டி ஒரு கறுப்புப் படலம் போட்டாள். அதன் மேல் இரண்டு விரலால் வெள்ளைக் கோலமாவை இழுத்தாள். தண்ணீர் மேல் கோலம். அவள் கல்யாணத்தில் அவளுடைய அத்தை போட்டதாம். நாலு புள்ளி சிக்குக் கோலம், ஒரு இழை பிசகாமல், மிதந்துகொண்டு நின்றது. எனக்குத் தெரிந்து அவள் இதைப் போட்டுப் பார்த்ததே இல்லை. நாற்பது வருஷம் ஆந்தையைக் கவனிக்காதவள் நான், இதற்கும் யாரைக் குறை சொல்வது?

"பேப்பர் வைக்கவா அப்பாயி?" என்று பெரியவள் ஓடினாள்.

"எதுக்கு?" என்றாள் அம்மா, நிஜமாகவே புரியாமல்.

சின்னவன் உருளிக்குள் ஒற்றை விரலை விட்டான். கோலம் அந்த இடத்தில் வளைந்து கொடுத்தது. நான் "போதும்டா" என்று வாயெடுக்கும் முன் அம்மா என் கையைத் தட்டினாள். அவன் கிண்டினான். இழைகள் சுழித்து, அப்பாவின் புத்தக அட்டை மாதிரி சில நொடி நின்று, பிறகு சாம்பலாயின. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். எங்கே நிறுத்துவது என்பதில்தான் இந்தக் கலையின் சாமர்த்தியம் முழுக்க இருக்கிறது என்று நான் அதுவரை அவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். நிறுத்தினால்தானே எனக்குத் தாள் கிடைக்கும். கிழவிக்கும் அவனுக்கும் தாள் வேண்டியிருக்கவில்லை.

வெந்தயத் தண்ணீர் தஞ்சாவூர் மே மாதத்தில் ஒன்றரை நாள் தாங்கும். அதற்குப் பிறகு வருகிற வாடையை விவரிக்க மாட்டேன். ஆறு தடவை புதிதாகக் காய்ச்சினோம். நாற்பத்து மூன்று தாள். பெரியவள் எண்ணி வைத்தாள். வெட்டி வெட்டி மாடு, மீன், ஒரு ஆட்டோ எல்லாம் ஒட்டினாள். பீஜப்பூர்க் குதிரையைக் காட்டினேன். "பாவம், யாரும் சோறு போடல" என்றுவிட்டு, தன் மாட்டுக்கு வயிற்றை இன்னும் பெரிதாக வெட்டினாள். நல்லதாக எட்டுத் தாள் எடுத்து அவளுடைய நோட்டுகளுக்கு அட்டை போட்டுக்கொடுத்தேன். ஒன்றில் ஆந்தை இருக்கிறதா என்று இரண்டு பேரும் தேடினோம். இல்லை. கொக்கு மாதிரி ஒன்று இருந்தது, அதுவும் என் கண்ணுக்கு மட்டும்.

தம்பி வந்து கூட்டிப்போன மறுநாள் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்தேன். சாயங்காலம் போன் வந்தது. பெரியவள் பள்ளிக்கூடம், யூனிஃபார்ம் என்று ஏதேதோ சொல்லி முடித்து, சின்னவனிடம் கொடுத்தாள். மூச்சுவிடுகிற சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது.

"அத்தே, தண்ணி என்ன பண்ணுது?"

"கொட்டிட்டேன்டா."

"எங்க?"

"கொல்லையில, சிமெண்ட் தரையில."

"அங்க என்ன பண்ணுது?"

நான் பார்க்கவில்லை. "இரு, பாத்துட்டு வரேன்" என்று போனைக் கையில் பிடித்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனேன்.